நாயக்: ஒரு நாள் முதலமைச்சர்

 

இன்றைய பேச்சு ஒரு சினிமாவைப் பற்றியது. சினிமாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பார்த்தோம், சிரித்தோம், அழுதோம், வீட்டுக்கு வந்தோம் என்று முடிந்துவிடும் படங்கள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் மனதை விடாத படங்களும் உண்டு. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவை கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். "நாயக்" என்ற இந்திப் படம் அந்த வகையைச் சேர்ந்தது.

நாயக் என்றால் தலைவன். படம் 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்தது. இயக்கியவர் ஷங்கர். 1999-இல் அவரே தமிழில் எடுத்த "முதல்வன்" படத்தின் கதைதான் இது. தமிழில் அர்ஜுன் நடித்த வேடத்தை இந்தியில் அனில் கபூர் ஏற்றார். ரகுவரன் நடித்த வேடத்தை அம்ரிஷ் புரி ஏற்றார். இரண்டு படங்களுக்கும் இசை ஏ.ஆர். ரகுமான். தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்கள் இந்தி தெரியாமலே இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இது வியாபாரப் படம். பாட்டு உண்டு, சண்டை உண்டு, காதல் உண்டு, ஜானி லீவரின் சிரிப்பு உண்டு. அதனாலேயே இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாக இருக்கத்தான் படம் பார்க்கிறார்கள். செய்தித்தாள் படிக்காதவர்களையும் அரசியல் பேச வைத்தது இந்தப் படம். அது சிறிய காரியம் அல்ல.

கதை என்ன?

கதை நடக்கும் இடம் மகாராஷ்டிரா மாநிலம், மும்பை நகரம். சிவாஜி ராவ் ஒரு டி.வி. நிறுவனத்தில் கேமராமேன். கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு பஸ் டிரைவருக்கும் தகராறு வருகிறது. சிறிய தகராறு பெரிய கலவரமாகிறது. பஸ்கள் எரிகின்றன. மக்கள் அடிபடுகிறார்கள். போலீஸ் இருக்கிறது, ஆனால் கலவரத்தை அடக்கவில்லை.

ஏன் அடக்கவில்லை? முதலமைச்சர் பல்ராஜ் சவுகான், கடுமையான நடவடிக்கை வேண்டாம் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். நடவடிக்கை எடுத்தால் ஓட்டுப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அந்தப் பேச்சைச் சிவாஜி ராவ் தம் கேமராவில் பதிவு செய்துவிடுகிறார்.

பிறகு முதலமைச்சரை டி.வி.யில் பேட்டி எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. இரண்டு பேர் எதிர் எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஆனால் படத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான்.

சிவாஜி ராவ் கேள்வி கேட்கிறார். பல்ராஜ் நழுவுகிறார். ஒரு கேள்விக்கு அதிகாரிகள்மேல் பழி போடுகிறார். இன்னொரு கேள்விக்கு வேறு எதையோ பேசுகிறார். அரசு அலுவலகத்துக்கு ஒரு முறையாவது போய் வந்தவர்களுக்கு இந்த நழுவல் புதிதல்ல. "என் கையில் ஒன்றும் இல்லை, அந்த மேசைக்குப் போ" என்ற பதிலை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

கடைசியில் சிவாஜி ராவ் தாம் பதிவு செய்த படத்தை எல்லாரும் பார்க்கப் போட்டுக் காட்டுகிறார். பல்ராஜுக்கு நழுவ வழி இல்லை. அவருக்குக் கோபம் வருகிறது. "இந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார், கஷ்டம் தெரியும்" என்று சவால் விடுகிறார். தயங்கித் தயங்கிச் சிவாஜி ராவ் அந்தச் சவாலை ஏற்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனில் கபூரும் அம்ரிஷ் புரியும் 1987-இல் வந்த "மிஸ்டர் இந்தியா" படத்திலும் எதிர் எதிரே நின்றவர்கள். அதில் கதாநாயகனுக்கு, யார் கண்ணுக்கும் தெரியாமல் மறையும் மாயக் கருவி கிடைத்தது. இந்தப் படத்தில் மாயம் இல்லை. முதலமைச்சரை மடக்கியது கேள்வியும் ஆதாரமும்தான்.

ஒரு நாள் ஆட்சி

ஒரு நாள் முதலமைச்சர் உட்கார்ந்து மாலை வாங்கவில்லை. பன்சால் என்ற செயலாளரைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். பன்சாலாக வருபவர் பரேஷ் ராவல். நல்ல அதிகாரி எப்படி இருப்பார் என்று காட்டும் வேடம் அது. குடிசைவாசிகளுக்குச் சேர வேண்டிய வீடுகள் அவர்களுக்குக் கிடைக்கின்றன. வேலை செய்யாத அதிகாரிகளுக்கும் லஞ்சம் வாங்கிய அதிகாரிகளுக்கும் அங்கேயே சஸ்பெண்டு உத்தரவு கிடைக்கிறது.

படம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் விசில் அடிக்கிறார்கள். அவர்கள் கைதட்டுவது அனில் கபூருக்கு மட்டும் அல்ல. ஒருவருக்குத் தம் ரேஷன் கார்டு நினைவு வருகிறது. இன்னொருவருக்கு வீட்டு மனைப் பட்டா, மற்றொருவருக்கு விதவை உதவித்தொகை. "நாளைக்கு வா" என்ற சொல்லையே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள். திரையில் ஒருவர் "இன்றைக்கே" என்கிறார். ஏழைகளின் நெஞ்சு குளிர்கிறது.

அன்றைய நாளின் கடைசி வேலையாகச் சிவாஜி ராவ், ஊழலுக்கெல்லாம் வேராக இருக்கும் பல்ராஜையே கைது செய்ய வைக்கிறார். இங்கே படம் முடிந்திருந்தால் அது வெறும் கனவுப் படம். ஆனால் படம் முடியவில்லை.

ஒரே கையெழுத்து

பல்ராஜ் ஜாமீனில் வெளியே வருகிறார். ஓர் அவசரச் சட்டம் போடுகிறார். சிவாஜி ராவ் அந்த ஒரு நாளில் போட்ட உத்தரவுகள் அத்தனையும் செல்லாது என்று ஆகிவிடுகிறது. சிவாஜி ராவைக் கொல்ல ஆட்களும் வருகிறார்கள். அவர் வீடு சூறையாடப்படுகிறது.

பலர் இந்த இடத்தைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் முதலமைச்சர் மட்டும் நினைவில் நிற்கிறார், அடுத்த நாள் நிற்பதில்லை. ஆனால் படத்தின் பெரிய பாடம் அடுத்த நாளில்தான் இருக்கிறது. ஒரு நல்லவர் ஓடி ஓடிச் செய்ததை ஒரு கெட்டவர் ஒரே கையெழுத்தில் அழித்துவிட்டார். அப்படியானால், யாராலும் எளிதில் அழிக்க முடியாதபடி நல்லதைச் செய்வது எப்படி?

படம் ஒரு பதில் சொல்கிறது. சிவாஜி ராவுக்குப் பதவி ஆசை இல்லை. மஞ்சரி என்ற கிராமத்துப் பெண்ணை அவர் விரும்புகிறார். அந்த வேடத்தில் ராணி முகர்ஜி வருகிறார். அரசாங்க வேலை இருந்தால்தான் பெண் தருவேன் என்கிறார் பெண்ணின் தந்தை. சிவாஜி ராவ் அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க உட்காருகிறார். மக்களோ, நீதான் எங்களை ஆள வேண்டும் என்று திரண்டு வருகிறார்கள். அவர் தேர்தலில் நிற்கிறார், ஜெயிக்கிறார், முறையாக முதலமைச்சர் ஆகிறார். பல்ராஜ் கொடுத்த நாற்காலி ஒரு நாளுக்குத்தான் இருந்தது. மக்கள் கொடுத்த நாற்காலியைப் பல்ராஜால் பிடுங்க முடியவில்லை. ஓட்டின் பெருமையைப் படம் இப்படிச் சொல்கிறது.

எதை ஏற்கலாம்? எதை ஏற்க முடியாது?

ஒரு படத்தைப் பாராட்டுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. தானியத்தைப் புடைப்பது போலப் புடைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நாற்காலியைச் சவாலுக்குக் கொடுக்க முடியாது. முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர். சட்டசபை உறுப்பினர் அல்லாதவரும் முதலமைச்சர் ஆகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் உறுப்பினர் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது.

இரண்டாவது, ஓர் அரசு ஊழியரைச் சஸ்பெண்டு செய்வது வேறு, வேலையை விட்டே நீக்குவது வேறு. பொதுவாக, குற்றம் என்ன என்று சொல்லி, விசாரித்து, அவர் பதிலையும் கேட்ட பிறகே வேலையை விட்டு நீக்க முடியும். இது 311-ஆம் பிரிவு. இது ஊழல்வாதிகளுக்குக் குடை பிடிக்கும் சட்டம் என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். விசாரணை இல்லாமல் வேலையைப் பறிக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இருந்தால், பல்ராஜ் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்? நேர்மையான பன்சாலைத்தான். நல்லவர் கையில் இருக்கும்போது அழகாகத் தெரியும் கத்தி, கெட்டவர் கைக்கும் போகக்கூடியது.

மூன்றாவது, படத்தின் முடிவு. பல்ராஜின் ஆட்கள் வைத்த குண்டில் சிவாஜி ராவின் தாயும் தந்தையும் இறந்துபோகிறார்கள். கடைசியில் சிவாஜி ராவ் ஒரு சூழ்ச்சி செய்கிறார். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பல்ராஜ் கையில் சேர்க்கிறார். பல்ராஜ்தான் சுட்டார் என்று நினைத்துக் காவலர்கள் பல்ராஜைச் சுட்டுக் கொல்கிறார்கள். உண்மைப் படத்தைக் காட்டி எதிரியை மடக்கியவர், பொய்யான காட்சியைக் காட்டி எதிரியைக் கொல்கிறார். இதைக் கைதட்டி ஏற்க முடியாது. படமும் இதை முழு வெற்றியாகக் காட்டவில்லை. எதை எதிர்த்தாரோ அதையே கடைசியில் தாமும் செய்ய வேண்டி வந்ததே என்ற வருத்தத்தோடு காட்டுகிறது.

நான்காவது, மக்கள். படத்தில் மக்கள் திரளாக வருகிறார்கள், கோஷம் போடுகிறார்கள், அழுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்பவர் ஒரே ஒருவர். மஞ்சரிக்குப் பாட்டும் காதலும்தான் பங்கு. அவள் கிராமத்துக் கணக்கை அவள் கேட்பதாகக் காட்சி இல்லை.

கணக்குக் கேட்ட கிராமங்கள்

ஒரு நாயகன் வரும்வரை மக்கள் காத்திருக்க வேண்டுமா? காத்திருக்காதவர்கள் உண்டு. இது சினிமா அல்ல, நடந்தது. இடம் ராஜஸ்தான் மாநிலம்.

அங்கே மழை குறைவு. பஞ்ச காலத்தில் அரசு குளம் வெட்டும் வேலையும் சாலை போடும் வேலையும் கொடுக்கும். ஆண்களும் பெண்களும் மண் சுமப்பார்கள். சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. வேலைக்கு வந்தவர் பெயர், நாள், கூலி எல்லாம் எழுதும் அந்தப் பதிவேட்டுக்கு மஸ்டர் ரோல் என்று பெயர். அதைக் காட்டுங்கள் என்றால், அரசாங்க ரகசியம், காட்ட முடியாது என்றார்கள்.

1990-ஆம் ஆண்டு மே தினத்தன்று அந்த உழைப்பாளிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்று பெயர். தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு என்று பொருள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்தவர்.

1994-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் "ஜன் சுன்வாய்" நடந்தது. ஜன் சுன்வாய் என்றால் மக்கள் விசாரணை. ஊர் கூடியது. எப்படியோ கிடைத்த கணக்குத் தாள்கள் உரக்கப் படிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படிக்கப் படிக்க, அந்த ஆளே கூட்டத்தில் எழுந்து பதில் சொன்னார். இப்படிப் பல ஊர்களில் விசாரணை நடந்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. இறந்துபோனவர்கள் பெயரும் இருந்தது. தாளில் மட்டும் கட்டி முடிந்த கட்டடங்களும் இருந்தன.

இப்போது டி.வி. பேட்டிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிவாஜி ராவ் பதிவுப் படத்தைப் போட்டுக் காட்டியதும் பல்ராஜ் வாயடைத்துப் போனார். கோட் கிரானாவில் நடந்ததும் அதேதான். கேமராவுக்குப் பதில் மஸ்டர் ரோல். ஒரு நாயகனுக்குப் பதில் ஊர் முழுவதும்.

எழுத்தின் வேலையையும் இங்கே பார்க்க வேண்டும். கைநாட்டு வைத்தவருக்கு, தம் விரலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பொய்க் கணக்கு அந்த இருட்டில்தான் வளர்ந்தது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தார். தெரியாதவர் காதால் கேட்டு, உண்மையைச் சொன்னார். இருட்டு விலகியது.

1996-ஆம் ஆண்டு பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா நடந்தது. கிராமத்து மக்கள் தங்கள் வீட்டுத் தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்துத் தர்ணாவை நடத்தினார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் கோஷம். நான்காம் வகுப்புவரை படித்த ஒரு பெண்மணி அன்று சொன்ன விளக்கம் நாடெங்கும் பேசப்பட்டது. மகனிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். அரசு என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவு செய்கிறது, அதற்கு நான் கணக்குக் கேட்கக் கூடாதா என்பதுதான் அவர் கேள்வி. சினிமாவில் மஞ்சரி கேட்காத கேள்வியை ராஜஸ்தானில் ஓர் உழைக்கும் பெண் கேட்டுவிட்டார்.

கேள்வி சட்டமானது

தமிழ்நாடு 1997-இல் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. ராஜஸ்தான் 2000-இல் இயற்றியது. மகாராஷ்டிரா உள்பட வேறு மாநிலங்களும் இயற்றின. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. கோட் கிரானாவில் தொடங்கி அதுவரை ஏறக்குறைய 11 ஆண்டுகள். சினிமா நாயகன் ஒரே நாளில் செய்தார், அடுத்த நாள் அது அழிந்தது. இவர்களுக்கு 11 ஆண்டுகள் ஆயின. ஆனால் இதை எந்த முதலமைச்சரும் ஒரு கையெழுத்தில் அழிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு அலுவலகத்தில் உள்ள தகவலைக் குடிமக்கள் யாரும் கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று அதிகாரி காரணம் கேட்கக் கூடாது. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய விஷயம் என்றால் 48 மணி நேரத்தில் வர வேண்டும். வராவிட்டால் மேல் முறையீடு செய்யலாம். காரணம் இல்லாமல் தாமதம் செய்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் போடலாம். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விஷயங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்னொன்றையும் அக்கம் பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். இதுவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

லஞ்சம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். ஆனால் ஒருவரை வற்புறுத்தி வாங்கியிருந்தால், 7 நாட்களுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். சொன்னவர்மேல் குற்றம் இல்லை.

தனியாக வேண்டாம்

கேள்வி கேட்பது எளிது என்று யாரும் ஏமாற வேண்டாம். படத்தில் சிவாஜி ராவின் வீடு தாக்கப்பட்டது கதை. அதே மகாராஷ்டிராவில், பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள தலேகாவில், சதீஷ் ஷெட்டி என்பவர் தகவல் அறியும் சட்டத்தைக் கொண்டு நில மோசடிகளை வெளியே கொண்டுவந்தார். 2010-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு நாள் காலை அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இது கதை அல்ல.

அதனால்தான் தனி நாயகனைவிட ஊர்க் கூட்டம் மேலானது. ஒருவர் கேட்டால் அவரை மிரட்டலாம். ஒரு தெருவே கையெழுத்துப் போட்டுக் கேட்டால் யாரை மிரட்டுவது? மகளிர் குழுவில் பேசிக் கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள். படிக்கத் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

பேசிப் பார்க்க

"நாயக்" படத்தை டி.வி.யில் அடிக்கடி போடுகிறார்கள். திரையரங்கில் பெரிய வசூல் காணாத படம், டி.வி. வழியாகத்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை பார்க்கும்போது நாலு பேர் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் சில கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

பதிவுப் படம் இல்லாமல் இருந்தால் பல்ராஜ் மாட்டியிருப்பாரா? ஒரு நாளில் போட்ட உத்தரவுகள் ஏன் நிற்கவில்லை? சிவாஜி ராவ் கடைசியில் செய்தது சரியா? உங்கள் ஊரில் ஒரு நாள் முதலமைச்சர் வந்தால் அவரிடம் எந்தக் குறையைச் சொல்வீர்கள்? அவர் வராவிட்டால் அதே குறையை யாரிடம், எப்படிக் கேட்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிப் பாருங்கள். எங்கள் தெருச் சாலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, வேலையை எடுத்தவர் யார், எந்தத் தேதியில் முடிந்தது என்று மூன்று வரி எழுதினால் போதும். அதுவே ஒரு மனு.

படம் பார்க்கும்போது தாராளமாக விசில் அடியுங்கள். மறுநாள் காலை ரேஷன் கடைக்குப் போகும்போது, முன்னால் தொங்கும் இருப்புப் பலகையை ஒரு முறை நின்று படியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.